மூக்கில் ஒரு குமிழி

தாத்தா இறந்த அன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டது ஒரே ஒரு இமோஜி. கண்ணை மூடிய மஞ்சள் முகம், கன்னத்தருகே ஒரு நீலத் துளி. சித்தப்பா, அத்தை, அண்ணி என்று முக்கால்வாசிப் பேர் அதையேதான் போட்டிருந்தார்கள். ரொம்ப நாள் கழித்து, ஒரு செயலியில் இமோஜிகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன என்று யூனிகோட் அட்டவணையைப் புரட்டினேன். அந்த முகத்துக்கு அங்கே இருந்த பெயர் 'தூக்க முகம்'. துளி கண்ணிலிருந்து வரவில்லை, மூக்கிலிருந்து வருகிறது. சளிக் குமிழி!

ஜப்பானிய மங்காவில் ஒருவன் தூங்குகிறான் என்று காட்ட மூக்கில் குமிழி வரைவார்கள். அது பட்டென்று உடைந்தால் விழித்துக்கொண்டான் என்று அர்த்தம். இந்த மாதிரிக் குறிகளுக்கு அங்கே 'மன்பு' என்று பெயர். எனக்குப் பிடித்தது கோபக்குறி. முதலில் அது நெற்றியில் புடைத்த நரம்பு, அவ்வளவுதான். போகப்போக நாலு வளைகோடுகளாகச் சுருங்கி, நெற்றியை விட்டு இறங்கி, தலைமுடி மேல், முஷ்டி மேல், சில சமயம் ஆளுக்குப் பக்கத்தில் வெறும் காற்றில்கூட வந்து உட்கார்ந்துகொண்டது. உடம்பே தேவைப்படாத நரம்பு.

இதன் வேரைத் தேடிப் போகிறவர்கள் கியோத்தோ கோசான்ஜி கோயிலின் 12, 13ஆம் நூற்றாண்டு விலங்குச் சித்திரச் சுருள்களில் போய் நிற்பார்கள். அதில் முயலைக் கீழே தள்ளிய தவளையின் வாயிலிருந்து கோடுகள் பீறிடும். அழகான படம்தான். ஆனால் அங்கிருந்து இன்றுவரை அறுபடாத ஒரு கோடு இழுப்பதை நான் நம்பவில்லை. 1923இல் 'அசாஹி கிராஃப்' ஒரு அமெரிக்கக் குடும்பக் காமிக்ஸை மொழிபெயர்த்துப் போட ஆரம்பித்தது. வியர்வைத் துளி, அடிபட்டால் பறக்கும் நட்சத்திரம் எல்லாம் அமெரிக்கக் கார்ட்டூனிலும் உண்டு. அங்கே மோர்ட் வாக்கர் 1980இல் அந்தத் துளிகளுக்கு விளையாட்டாகத் தனிப்பெயரே வைத்தார். தவளையைவிட இந்த வழிதான் எனக்குக் கிட்டத்தில் தெரிகிறது.

1999இல் ஷிகெதாகா குரிதா டோகோமோ கைப்பேசிகளுக்காக 176 படக்குறிகளை அமைத்தார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த இடம் 12க்கு 12 புள்ளி. அந்த இடத்தில் முழு முகபாவத்தை எங்கே வரைவது? கோப நரம்பும் வியர்வையும் மங்காவிலிருந்து அப்படியே இறங்கின. பிற ஜப்பானிய நிறுவனங்களின் குறிகளும் சேர்ந்து 2010இல் யூனிகோட் 6.0க்குள் வந்தன, குமிழி முகம் உட்பட. மங்கா படிக்காத உலகத்துக்கு அகராதி இல்லாமல் சொற்கள் மட்டும் போய்ச் சேர்ந்த கதை இது. மூக்கில் புகை விடும் முகத்தைக் கோபம் என்றுதான் நாம் அனுப்புகிறோம்; யூனிகோடில் அதன் பெயரிலேயே 'வெற்றி' இருக்கிறது.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"சளியா? எனக்கு அழுவுற மாதிரிதான்டா தெரியுது."

இப்போதும் துக்கச் செய்தி வந்தால் அதையேதான் போடுகிறார்.