லொரினா தைத்த கடிதம்

ஏறத்தாழ 12 அடி நீளக் கடிதம் அது. பேனாவோ மையோ பட்டதில்லை. வெவ்வேறு நிறத் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு, மேலே கம்பளி நூலால் ஒவ்வோர் எழுத்தாகத் தைத்திருக்கிறார் லொரினா புல்வர். எல்லாம் பெரிய எழுத்து. காற்புள்ளி, முற்றுப்புள்ளி கிடையாது. சில சொற்களுக்கு அடிக்கோடு உண்டு, அதுவும் தையல்தான்.

லொரினா 1838-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பெக்கிள்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். கடலோர ஊரான கிரேட் யார்மத்தில் தாயோடு தங்கும் விடுதி நடத்தினார். தாய் 1893-இல் இறந்த பிறகு, சகோதரர் எட்கர் இவரை அவ்வூர் ஏழைகள் காப்பகத்தின் பைத்தியக்கார வார்டில் சேர்த்தார். கடிதம் உருவானது அங்கேதான், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில்.

இவரைப் போன்றவர்களுக்கென்று தனி இடம் இல்லாமல் இல்லை. மாவட்டங்கள் மனநோய் விடுதி கட்டிக்கொள்ளலாம் என்றது 1808-ஆம் ஆண்டுச் சட்டம். கட்டியே ஆகவேண்டும் என்றது 1845-ஆம் ஆண்டுச் சட்டம். யார்மத் அடங்கிய நார்ஃபோக் மாவட்டம் முந்திக்கொண்டு 1814-லேயே நாரிச் அருகே தார்ப்பில் ஒன்றைத் திறந்துவிட்டது. இருந்தும் நாடு முழுக்க ஏராளமானவர்கள் ஏழைகள் காப்பக வார்டுகளிலேயே கிடந்தார்கள். செலவு குறைவு என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மனநோய் விடுதிகளின் வரலாறு என்று கட்டடங்களையும் டாக்டர்களையும் பற்றியே எழுதினால் லொரினா போன்றவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

கடிதம் முழுக்கக் கோபம். சொந்தக்காரர்களைத் திட்டுகிறார், அக்கம்பக்கத்தாரைப் பெயர் சொல்லி இழுக்கிறார், அரச குடும்பத்தோடு தனக்கு உறவு என்கிறார். இத்தனை ஆத்திரத்தோடு இத்தனை பொறுமையாக ஊசி கோர்க்க முடியுமா என்று வியப்பாக இருக்கிறது.

1912-இல் லொரினா இறந்தார். காப்பகம் பிற்பாடு நார்த்கேட் மருத்துவமனை ஆனது. அவர் தைத்தது ஒரு கடிதம் மட்டுமல்ல. அவற்றில் ஒன்று 2004-இல் நார்ஃபோக் அருங்காட்சியகங்களின் சேகரிப்புக்கு வந்து சேர்ந்தது; இன்னொன்று லீட்ஸ் நகரின் தாக்ரே மருத்துவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2013-இல் யார்மத்திலேயே, ஹெரிங் மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்திய பழைய தொழிற்கூடத்தில் இயங்கும் அருங்காட்சியகத்தில், லொரினாவின் தையலைக் காட்சிக்கு வைத்தார்கள். ஆய்வாளர்கள் அவர் தைத்த பெயர்களை மக்கள்தொகைப் பதிவேடுகளோடு ஒத்துப்பார்த்தார்கள். பிதற்றல் என்று தள்ளக்கூடிய அந்தப் பட்டியலில் பலர் நிஜமாகவே அந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள்.