கூரை சோலார் தகடுகள்: மழை கழுவுவது எது, நாம் கழுவ வேண்டியது எது?

ஆயர் குரோ: வீட்டுக் கூரையில் சோலார் தகடு பொருத்தியவர்கள் ஓராண்டு கழிந்ததும் பொதுவாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தகட்டை எப்போது கழுவுவது, யார் ஏறிக் கழுவுவது? மாதாமாதம் கழுவாவிட்டால் மின்சாரம் பாதியாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஏணி வைத்துத் தாங்களே ஏறிவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லை.

மலேசியாவில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் 2011இல் வந்தது. அதே ஆண்டில் செடா எனப்படும் மேம்பாட்டு ஆணையம் அமைந்தது. வீட்டில் பயன்படுத்தியது போக மிஞ்சும் மின்சாரத்தைக் கட்டணத்தில் கழிக்கும் நெம் திட்டம் 2016 நவம்பரில் தொடங்கியது. 2019 ஜனவரி முதல் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் என்று கழிக்கப்பட்டதால் சாதாரணக் குடும்பங்களும் இதில் ஆர்வம் காட்டின. மலாக்காவுக்கு இத்துறை புதிதும் அல்ல. அலோர் காஜா மாவட்டம் ரெம்பியாவில் சூரிய மின்கல ஆலை 2010இல் உற்பத்தியைத் தொடங்கியது.

பனி விழும் நாட்டில்

கனடா போன்ற குளிர் நாடுகளில் தகட்டை மூடுவது பனி. அங்கும் பலர் கூரையில் ஏறுவதில்லை. சாய்வான தகட்டில் வெயில் பட்டதும் பனி தானே வழுக்கி விழும். அவசரமென்றால் தரையில் நின்றபடியே நீண்ட கோலின் நுனியில் மென்மையான பஞ்சுப்பலகை பொருத்தி இழுத்து விடுவார்கள். குளிர்காலத்தில் பகல் குறைவு, வெயிலும் குறைவு. அதனால் பனி மூடுவதால் ஆண்டு முழுவதற்கும் ஏற்படும் இழப்பு பல இடங்களில் சில விழுக்காடே.

நம்மூர் அழுக்கு

மலாக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு நல்ல மழை, தளர்வான தூசியை இலவசமாகக் கழுவிவிடும். மழை குறையும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலும் புகைமூட்டக் காலத்திலும்தான் தூசி தங்கும். தோட்டத்துச் செம்மண் சாலை ஓரத்து வீடுகளில் இது கூடுதலாகத் தெரியும்.

மழையால் போகாதவை மூன்று: காய்ந்து ஒட்டிய பறவை எச்சம், ஈர இலை, சட்டத்தின் கீழ் விளிம்பில் படரும் பாசி. கூரைச் சாய்வு 10 பாகைக்கும் குறைவாக இருந்தால் அழுக்கு நீர் அங்கேயே தேங்கிக் காயும். தகட்டிலுள்ள மின்கலங்கள் சங்கிலிபோல் தொடராக இணைந்தவை. எச்சம் ஒரு கலத்தை முழுதாக மறைத்தால் அந்தப் பகுதி முழுவதன் உற்பத்தியும் குறையும். மறைந்த கலம் சூடேறிப் பழுதாகவும் கூடும். எனவே மெல்லிய தூசியைவிட ஓரிடத்தில் தடித்துக் கிடக்கும் எச்சமே கவலைக்குரியது. தகட்டுக்கு அடியில் புறா கூடு கட்டினால், சுற்றிலும் கம்பிவலை அடிக்கச் சொல்வது நல்லது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

5 கிலோவாட் அமைப்பு மாதம் சுமார் 500 யூனிட் தருகிறது என்று கொள்வோம். அழுக்கால் 5 விழுக்காடு குறைந்தால் இழப்பு 25 யூனிட். யூனிட்டுக்கு 45 சென் என்று வைத்தாலும் மாதம் ஏறத்தாழ 11 வெள்ளிதான். இதற்காக ஈர ஓட்டிலோ, பழைய தோட்ட வீடுகளின் கல்நார்க் கூரையிலோ கால் வைப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். பழைய கல்நார்த் தகடு ஆள் பாரம் தாங்காமல் உடையும். மின்சார ஆபத்தும் உண்டு. வீட்டின் மெயின் சுவிட்சை அடைத்தாலும், வெயில் இருக்கும்வரை தகட்டிலும் அதன் கம்பிகளிலும் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். பல தகடுகள் தொடராக இணைந்த இடத்தில் அது பல நூறு வோல்ட் வரை போகும்.

செய்ய வேண்டியவை

• இன்வர்ட்டர் செயலியில் இம்மாத உற்பத்தியைச் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மழை மாதத்தை வெயில் மாதத்தோடு ஒப்பிட வேண்டாம்.

• தரையிலிருந்து எட்டுமானால் மட்டும் நீண்ட கோல், மென்தூரிகை, குழாய்த் தண்ணீர் கொண்டு நீங்களே கழுவலாம். வேலையைக் காலையில் வெயில் ஏறுமுன் முடியுங்கள். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்நீர் பட்டால் விரிசல் விழலாம்.

• சலவைத்தூள், குளோராக்ஸ், இரும்பு நார், உயர் அழுத்த நீர்ப்பீய்ச்சி ஆகியவை வேண்டாம். தகட்டின் உத்தரவாதமே பறிபோகலாம்.

• கண்ணாடி உடைந்திருந்தாலோ கம்பி தொங்கினாலோ தண்ணீர் அடிக்காதீர்கள். பொருத்திய நிறுவனத்தை அழையுங்கள்.

• ஆள் வைத்துக் கழுவினால், பாதுகாப்பு வார், தொழிலாளர் காப்புறுதி இரண்டும் உண்டா என்று முதலில் கேளுங்கள். விலையைப் பிறகு பேசலாம்.

நல்ல மழை பெய்த மறுநாளும் வெயில் அடித்து உற்பத்தி ஏறவில்லை என்றால், காரணம் தூசி அல்ல. வளர்ந்துவிட்ட மரத்தின் நிழல், இன்வர்ட்டர் பழுது, தளர்ந்த இணைப்பு என்று வேறு ஏதேனும் இருக்கலாம். அப்போது தேவைப்படுவது தூரிகை அல்ல, தகுதி பெற்ற மின் பணியாளர்.