பதின்மூன்று கட்டை



சில மாதங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் மலாயாவுக்கு வந்தவர் யார்? எந்த ஆண்டில் வந்தார்? எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்? மூன்றே கேள்விகள். இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர் ‘தெரியாது’ என்று எழுதிக்கொண்டு வந்தனர். எனக்குக் கோபம் வந்தது. மாலையில் வீட்டிற்கு வந்து அதே தாளை என் முன்னால் வைத்துக்கொண்டபோது கோபம் அடங்கிவிட்டது. வந்தவர் என் தாத்தா. இறங்கிய இடம் பினாங்கு. ஆண்டு 1920-களின் இறுதி. அவருடன் ஒரு தம்பியும் கப்பலேறியதாகவும் அந்தத் தம்பி ‘தீவிலேயே போய்விட்டதாகவும்’ சிறுவயதில் கேட்டதுண்டு. தம்பியின் பெயர் என்ன? எனக்கும் தெரியாது.

இந்த நிலையில்தான் அண்டைப் பள்ளியில் உடற்கல்வி போதிக்கும் நண்பர் என்னைப் பினாங்குப் பால ஓட்டத்திற்கு அழைத்தார். “அரை மாரத்தான்தான் சார், 21 கிலோமீட்டர். ஆறு மாதம் பயிற்சி செய்தால் நீங்களும் ஓடிவிடலாம்” என்றார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, போதாக்குறைக்கு இனிப்புநீர். மருத்துவரும் நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இசைந்தேன்.

மாரத்தானின் தொலைவு ஏன் 42.195 கிலோமீட்டர் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 1896-இல் ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் அது ஏறத்தாழ 40 கிலோமீட்டராக இருந்தது. 1908-இல் லண்டனில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்திற்கு முன்னால் முடியுமாறு வகுத்தபோது 26 மைல் 385 கஜம் ஆயிற்று. 1921-இல் அதுவே நிலைத்தது. அதில் பாதியென்றால் 13 மைலுக்குச் சற்றே கூடுதல்.

பதின்மூன்று என்ற எண்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. “பிறையிலிருந்து பதிமூணு கட்டை நடந்தோம்” என்று தாத்தா சொல்வார். மைல்கல்லைக் ‘கட்டை’ என்பது நம் நாட்டுத் தமிழரின் வழக்கு. மைல்கள் போய்க் கிலோமீட்டர்கள் வந்த பிறகும் மூன்றாம் கட்டை, ஏழாம் கட்டை என்ற ஊர்ப்பெயர்கள் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் நண்பரின் மகிழுந்தில் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டோம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994-இல். அதற்கு முன்பு தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என்று ஒவ்வொரு பட்டணத்தையும் தொட்டுக்கொண்டு பழைய சாலையில்தான் போக வேண்டும். அப்பாவுடன் பேருந்தில் போனால் ஒரு பகல் முழுவதும் கழியும். இப்போது 350 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம். எந்தப் பட்டணத்தையும் பார்ப்பதில்லை. தாப்பா ஓய்விடத்தில் நாசி லெமாக் சாப்பிட்டதைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மாலையில் ஜார்ஜ் டவுனில் சற்று நடந்தோம். 1816 அக்டோபர் 21-இல் தொடங்கப்பட்ட பினாங்கு இலவசப் பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பைக் கணக்கில் கொண்டே 2016-இல் நாம் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். நான் இதைச் சொல்லத் தொடங்கியதும் நண்பர், “நாளைக்கு ஓட வேண்டும் சார். வரலாற்றைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

ஆனால் வரலாறு திங்கட்கிழமைவரை காத்திருக்கவில்லை. ஓட்டம் தொடங்கும் இடம் தீவின் கிழக்குக் கரையிலுள்ள குவீன்ஸ்பே. எண் அட்டையை வாங்கிக்கொண்டு கடலோரம் வந்து நின்றால், நேர் எதிரே, நீந்திப் போய்விடலாம் போன்ற தொலைவில், காடு மண்டிய ஒரு சிறு தீவு. அதுதான் ஜெரஜாக். தாத்தா வெறுமனே ‘தீவு’ என்று சொன்ன இடம்.

ஜெரஜாக்கில் 1870-களுக்குள்ளாகவே தொழுநோயாளிகளுக்கு ஒரு குடியிருப்பும் கப்பலில் வருவோரைத் தடுத்துவைக்கும் நோய்த்தடுப்பு முகாமும் அமைந்துவிட்டன. பின்னர்க் காசநோயாளிகளும் அங்கு வைக்கப்பட்டனர். 1969-இல் சிறையாக்கப்பட்டு 1993-இல் மூடப்பட்டது. ஊருக்கு அருகில் வைத்துக்கொள்ள விரும்பாதவர்களையெல்லாம் அந்தத் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம்மவர்களில் பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ தொடக்கக் காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது என்றால் அந்த நெருக்கத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். அவ்வளவு பேரில் ஒருவருக்குப் பெரியம்மையோ வாந்திபேதியோ கண்டாலும் மற்றவர்களும் சேர்ந்து தீவில் கிடக்க வேண்டியதுதான்.

தாத்தா இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. துணிகளையெல்லாம் பிடுங்கி ஆவியில் வேகவைத்தார்கள், மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்தார்கள், திரும்பி வந்த வேட்டி சுருங்கிக் கந்தலாக இருந்தது என்பார். கப்பலிலேயே தம்பிக்கு அம்மை வார்த்துவிட்டது. தீவில் இறங்கியதும் அவரை வேறு கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பார்க்கவிடவில்லை. சில நாள் கழித்து மற்றவர்களைப் படகில் ஏற்றியபோது தம்பி இல்லை.

அந்தத் தீவில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அது ருசியக் கடற்படையினருக்கானது. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கி, ‘எம்டன்’ என்ற சொல்லையே தமிழுக்குக் கொடுத்துவிட்டுப் போன செர்மானியக் கப்பல், அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்திற்குள் நுழைந்து ‘செம்சுக்’ என்ற ருசியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. இறந்த மாலுமிகளில் சிலரை ஜெரஜாக்கில் அடக்கம் செய்தனர். தொலைதூர நாட்டிலிருந்து வந்து இறந்தவர்களுக்கு ஒரு கல் நட்டது நல்ல செயல்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. என் சின்னத் தாத்தாவும் தொலைதூரத்திலிருந்து வந்தவர்தாம் என்பதை மட்டும் அன்றிரவு படுத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஓட்டம் விடியலுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கானோர், மலாய்க்காரர், சீனர், இந்தியர், வெளிநாட்டார் எனக் கலவையான கூட்டம். நண்பர் முதல் ஐந்து நிமிடத்திலேயே காணாமற்போனார். கடலோரச் சாலையில் சில கிலோமீட்டர் ஓடிப் பாலத்தின்மீது ஏறியதும் காற்று மாறியது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாலத்தில் 8.4 கிலோமீட்டர் நீருக்குமேல் நிற்கிறது. தரையிலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும். ஓடிப் பார்த்தால்தான் நடுப்பகுதி எவ்வளவு ஏற்றம் என்பது முழங்காலுக்குத் தெரியும்.

இப்பாலம் 1985 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ‘சிதம்பரம்’ கப்பல் பினாங்கிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்துடன் அந்தப் பயணிகள் கப்பல் சேவை நின்றுபோனது. நம் முன்னோர் வந்த கடல்வழி மூடிய ஆண்டிலேயே பாலம் திறந்தது என்பதை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. இரண்டு தேதிகளையும் அருகருகே எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நாட்டிலேயே பெரிய பாலம் என்று ஊரே போய்ப் பார்த்து வந்தது. அப்பா தாத்தாவையும் அழைத்தார். “எனக்கு அங்க ஒண்ணுமில்ல” என்று தாத்தா கயிற்றுக் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் வாழ்ந்த தோட்டத்து மேட்டில் நின்றால் பினாங்கு மலை தெரியும். ஆயினும் 1990-இல் இறக்கும்வரை அவர் பினாங்குக்குப் போகவில்லை.

நான் ஓடி முடிக்க மூன்று மணி நேரத்திற்குமேல் ஆயிற்று. கடைசி நான்கு கிலோமீட்டரை ஓட்டம் என்று சொல்வது பொய். நண்பர் பதக்கமும் கழுத்துமாக வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். கரையில் காலை நீட்டி அமர்ந்திருந்தபோது கிழக்கு வெளுத்தது. முதலில் தீவின் விளிம்பும் பிறகு மரங்களும் தெரிந்தன. அங்கிருந்து ஆட்களை ஏற்றிய படகு பிறைக்கு எந்தப் பக்கமாகப் போயிருக்கும் என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். நண்பர் இம்முறை திங்கட்கிழமையை நினைவூட்டவில்லை. “அந்தப் பதின்மூன்று கட்டையையும் பார்த்துவிட்டே போவோம் சார்” என்றார்.

பாலத்தைக் கடந்து, பிறையில் மகிழுந்தின் தொலைவுக் கணக்கைச் சுழியத்தில் வைத்தோம். பழைய சாலையில் சிம்பாங் அம்பாட்டைத் தாண்டித் தோட்டத்துக் கோயில் வாசலில் நிறுத்தியபோது அது 20.6 காட்டியது. தாத்தாவின் கணக்கு ஏறக்குறைய சரி. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் இப்போது தொழிற்சாலைகளும் வீடமைப்புத் திட்டங்களும் இருக்கின்றன. கோயில் மட்டும் இருக்கிறது. லயங்களோ ஆயாக்கொட்டகையோ இல்லை.

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதியே கப்பல் செலவையும் முகாம் செலவையும் வேலையிடம்வரை போகும் இரயில் கட்டணத்தையும் ஏற்றது என்று நூல்கள் கூறுகின்றன. பிறையிலிருந்து அந்தப் பக்கம் இரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியானால் தாத்தா ஏன் நடந்தார்? கங்காணி காசை மிச்சம் பிடித்துக்கொண்டார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அது உண்மையா என்று உறுதிப்படுத்த வழியில்லை. ஆவணங்களில் நிதியின் கணக்கு இருக்கும். நடந்தவரின் காலைப் பற்றி இருக்காது. மாணவர்களிடம் இரண்டையும் சொல்லி, எது எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுவதே முறை என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் கோலகங்சாரில் நெடுஞ்சாலையை விட்டிறங்கிச் சுங்கை சிப்புட்டிலுள்ள அத்தை வீட்டுக்குப் போனோம். அப்பாவுக்குத் தங்கை, எண்பதைத் தாண்டியவர். நான் நொண்டியபடி படியேறுவதைப் பார்த்து, “என்னய்யா, காரு இருக்கையில எதுக்கு ஓடுன?” என்று கேட்டார். நண்பர் சிரித்துவிட்டார்.

சாப்பிடும்போது சின்னத் தாத்தாவின் பெயரைக் கேட்டேன். அத்தை பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது தெரியாதா ஒனக்கு? ஒங்கப்பாவுக்கு அந்தப் பேரத்தானய்யா வச்சாரு.”

நான் அதற்குமேல் சாப்பிடவில்லை. பையிலிருந்த எண் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அடையாள அட்டையில் உள்ளபடியே என் பெயரும், அதன் பின்னால் அப்பாவின் பெயரும் அச்சிடப்பட்டிருந்தன. மார்பில் குத்திக்கொண்டு தீவுக்கு எதிரில் விடியும்வரை ஓடியது அந்தப் பெயரோடுதான். அத்தை அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

மறுநாள் பள்ளியில் மாணவர்களின் தாள்களைத் திருப்பிக் கொடுத்து, வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டுவர இன்னும் இரண்டு வாரம் தவணை தந்திருக்கிறேன். மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறேன்: உங்கள் வீட்டில் யாருக்கு யாருடைய பெயர் வைக்கப்பட்டிருக்கிறது? பெற்றோர்களே, பிள்ளைகள் வந்து கேட்டால் தயவுசெய்து தொலைக்காட்சியைச் சற்று நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். தவணை அடுத்த வெள்ளிக்கிழமை முடிகிறது.