சத்திரங்களும் லாட்ஜுகளும் (திருநெல்வேலி வட்டாரம்)

வழிப்போக்கர்கள் காசில்லாமலோ குறைந்த வாடகைக்கோ ஓரிரவு தங்கிச் செல்லத் தாமிரபரணிக் கரையூர்களில் ஏற்பட்ட இடங்கள். மடம், சாவடி, சத்திரம், லாட்ஜ் எனக் காலத்துக்கும் நடத்துவோருக்கும் ஏற்பப் பெயர் மாறிவந்துள்ளது.

நாயக்கர் காலத்துக்கு முன்பு கோயில் மண்டபங்களும் மடங்களுமே இப்பணியைச் செய்திருக்க வேண்டும். மதுரையிலிருந்து தெற்கே வரும் பழைய பாதை மங்கம்மாள் சாலை எனப்படுகிறது. ராணி மங்கம்மாள் (ஆட்சி 1689–1706) வழிநெடுகச் சத்திரம் கட்டினார் என்பது மக்கள் வழக்கு. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை எல்லாம் அவர் காலத்தவைதாமா என்பது ஐயத்துக்குரியது.

கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சியில் 1817ஆம் ஆண்டின் 7ஆம் ரெகுலேஷன், கோயில், பாலம், சத்திரம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட மானியங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1871இன் உள்ளூர் நிதிச் சட்டத்துக்குப் பின் பல சத்திரங்கள் உள்ளாட்சி வாரியங்களின் கைக்கு வந்தன. கணக்கெழுதும் வழக்கம் வலுத்ததால் இக்காலத்துச் சத்திரங்களைப் பற்றியே மிகுதியாக அறிய முடிகிறது. தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே முற்றம், பின்கட்டில் கிணறும் சமையற்கட்டும் என்பது பொதுவான அமைப்பு. நன்செய் மானியத்தின் வருவாயில் செலவு நடந்தது. மூன்று நாளுக்கு மேல் தங்கலாகாது என்பது பரவலான வழக்கம். பல சத்திரங்களில் பிராமணருக்குச் சமைத்த சாப்பாடு கிடைத்தது. மற்றவர் தாமே பொங்கிக்கொள்ள வேண்டும். தீண்டாதார் என ஒதுக்கப்பட்டவர்க்குத் திண்ணையும் இல்லை. இலவசம் என்று சத்திரத்தைப் புகழும் எழுத்துகள் இதை எளிதாகத் தாண்டிவிடுகின்றன. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு முசாபரி பங்களா எனும் பயணியர் விடுதி தனியே இருந்தது.

சத்திரத்தோடு சேர்த்தே சுமைதாங்கியையும் குறிப்பிட வேண்டும். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தியது. பிறர் கை கொடுக்காமலே தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் ஆள் உயரத்துக்கு அளவாக அமைந்தது. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக இதை நாட்டுவது வழக்கம். சாலையை அகலப்படுத்தியபோது பல பெயர்க்கப்பட்டன.

தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் பயணிகள் அது வடியும்வரை கரையிலேயே கிடக்க வேண்டியிருந்தது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டித் தந்த பாலம் 1843இல் திறக்கப்பட்டதும் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது.

1876இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. தங்குமிடங்கள் டவுனிலிருந்து ஜங்ஷனை நோக்கி நகர்ந்தன. ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ பலகைகள் தோன்றின. ரயில் நிலையச் சாப்பாட்டு இடங்களில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்ற பிரிவினை 1941இல்தான் நீங்கியது. சத்திரங்களில் சாதி பார்த்து ஒதுக்குவதை 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது.

விடுதலைக்குப் பின் பேருந்து நிலையங்களைச் சுற்றி லாட்ஜ் பெருகியது. இரும்புக் கட்டில், பஞ்சு மெத்தை, ஒரு வாளி, ஒரு மக்கு, நடையின் கோடியில் பொதுக் குளியலறை, பைக்குள் அடங்காத கட்டையில் கோத்த சாவி. பதிவேட்டில் ‘வந்த நோக்கம்’ என்று ஒரு பத்தி உண்டு. ‘சொந்த வேலை’ என்று எழுதினால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

குற்றாலத்தில் ஆனி, ஆடிச் சாரலின்போது அதே அறையின் வாடகை பன்மடங்காகும். வேனிலேயே அடுப்பும் அரிசியும் கொண்டுவந்து அதிலேயே படுத்து எழுந்து போவோரும் உண்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்கும் வழக்கம் பழையது. அவ்விடம் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் (1988) இருப்பதால் வனத்துறை கட்டுப்பாடுகள் விதித்துவருகிறது.

2018 அக்டோபரில் நடந்த தாமிரபரணி புஷ்கரம் என்னும் ஆற்று நீராடல் விழா வெளியூர்க் கூட்டத்தைப் பெருமளவில் ஈர்த்தது. நாள் வாடகை 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கு 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டு, 12 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது.