தியாகதுருகத்துக் கோட்டையும் ஜாதிகளின் தீர்க்கதரிசியும்



உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் சாலையில், கள்ளக்குறிச்சிக்கு முன்பாகவே தியாகதுருகத்து மலைக்கோட்டை கண்ணில் படுகிறது. இன்று அமைதியாக நிற்கும் அந்தக் குன்றுக்காக 18ஆம் நூற்றாண்டில் பல சேனைகள் போரிட்டன. கர்நாடகப் போர்க்காலத்தில் அது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1760இல் அவர்கள் ஐதர் அலியின் உதவியை நாடியபோது, உடன்படிக்கையின்படி அது மைசூர்ப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டில் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1790இல் திப்பு சுல்தான் அதைத் தாக்கி, கைப்பற்ற இயலாமல் திரும்பினார். கொடிகள் மாறின, எந்தக் கொடி பறந்தாலும் அடிவாரத்தில் உழுது பயிரிட்டவர்களே துன்பத்தைச் சுமந்தார்கள்.

இத்தகைய வரலாற்றை வாசிக்கும்போது, தேவன் யார் பக்கம் நின்றார் என்ற கேள்வி எழும்புகிறது. அதற்கு எரேமியாவின் வாழ்வில் விடை தேடுவோம்.

யோசியா அரசாண்ட 13ஆம் வருஷத்தில், ஏறக்குறைய கி.மு. 627இல், ஆனதோத் என்னும் சிற்றூரைச் சேர்ந்த அந்த வாலிபன் அழைக்கப்பட்டான். யூதாவுக்கு மட்டுமன்றி ஜாதிகளுக்கும் தீர்க்கதரிசியாக அவன் நியமிக்கப்பட்டான். இடிப்பதும் கட்டுவதும், பிடுங்குவதும் நாட்டுவதும் அவன் செய்தியில் இணைந்திருந்தன. அக்காலத்தில் அசீரியா சரிந்துகொண்டிருந்தது. எகிப்தும் பாபிலோனும் அதன் இடத்துக்காகப் போட்டியிட்டன. கி.மு. 605இல் கர்கேமிசில் பாபிலோன் வென்றது. இரு வல்லரசுகளுக்கு நடுவே சிக்கிய யூதாவின் நிலை, தியாகதுருகத்தின் நிலையைப் போன்றதே.

நேபுகாத்நேச்சாரைத் தேவனுடைய ஊழியக்காரன் என்றும், அவன் நுகத்துக்குக் கழுத்தைக் கொடுங்கள் என்றும் எரேமியா அறிவித்தான். சொந்த ஜனங்கள் அவனைத் துரோகி என்றார்கள். சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். ஆனாலும் அவன் பாபிலோனின் ஆள் அல்ல. அந்தப் பாபிலோனின் அழிவையும் ஒரு புஸ்தகத்தில் எழுதி, அதைக் கல்லோடு கட்டி ஐப்பிராத்து நதியில் எறியும்படி செராயாவிடம் கொடுத்தனுப்பினான். கி.மு. 539இல் பாபிலோன் பெர்சியரிடம் வீழ்ந்தது. மோவாப், அம்மோன், ஏலாம் ஆகிய அந்நிய ஜாதிகளுக்கு நியாயத்தீர்ப்பை உரைத்த அதே வாய், அவர்களுக்கு மீட்பும் உண்டு என்று உரைத்தது.

ஆகவே, எந்த ராஜ்யம் வெல்லும் என்று குறி சொல்வதற்காக அவன் அனுப்பப்படவில்லை. தோற்றவனும் வென்றவனும் ஒரே நியாயாதிபதிக்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்று சொல்லவே அனுப்பப்பட்டான்.

தியாகதுருகம் கைமாறிய அந்த 1761ஆம் ஆண்டின் ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அங்கிருந்த அச்சு இயந்திரம் போர்க்கொள்ளையாகச் சென்னைக்கு வந்தது. அது வேப்பேரியில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸ் ஐயரிடம் கொடுக்கப்பட்டது. கம்பெனியின் அச்சு வேலையையும் அவர் செய்து தரவேண்டும் என்பது நிபந்தனை. போரின் துயரத்தை அவர் அறிந்தவர்; 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தவர். வேப்பேரியில் தொடங்கிய அச்சுப்பணி வளர்ந்து, 1772இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே வெளிவந்தது.

இதனால் அந்தப் போர் பரிசுத்தமாகிவிட்டதா? இல்லை. நேபுகாத்நேச்சார் ஊழியக்காரன் என்னப்பட்டதால் பாபிலோனின் கொடுமை நியாயமாகிவிடவில்லை. ஆங்கிலேயரின் வெற்றியைத் தேவனுடைய தயவுக்கு அத்தாட்சியாக எண்ணியவர்கள், எரேமியாவின் புஸ்தகத்தைப் பாதியிலே மூடியவர்கள். கம்பெனியின் ஆட்சி 1858இல் முடிந்தது. பிரிட்டிஷ் ஆட்சி 1947இல் முடிந்தது. கொள்ளைப்பொருளாக வந்த இயந்திரத்தைக் கொண்டும் தேவன் தம் வார்த்தையை நமது மொழியில் விதைத்தார் என்பது அவருடைய கிருபை. கொள்ளையிட்டவர்களுக்கு அதில் மேன்மை இல்லை.

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது எரேமியா 17 சேக்கல் வெள்ளி கொடுத்து ஆனதோத்தில் ஒரு நிலத்தை வாங்கினான். சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்நிய பட்டணத்தின் சமாதானத்துக்காகவும் ஜெபியுங்கள் என்று எழுதினான். இடிபாடுகளின் நடுவே எழுத்துக்களைக் கோத்த வேப்பேரி அச்சகமும் அத்தகைய நடுகையே.

அன்பானவர்களே, நமக்குப் பிடித்தவர்கள் ஆளும்போது தேவன் நம் பக்கம் என்று மேன்மைபாராட்டுகிறோம். பிடிக்காதவர்கள் ஆளும்போது அவர் நம்மைக் கைவிட்டார் என்று சோர்ந்துபோகிறோம். இரண்டுமே கோட்டையின் கொடியைப் பார்த்துப் பேசும் பேச்சு. இந்த வாரத்தில், நாம் வாழும் ஊரின் சமாதானத்துக்காக, நம்மை எதிர்க்கிறவர்களின் பெயரையும் சேர்த்து ஜெபிப்போம். ஜாதிகளை நியாயந்தீர்க்கிறவரும் அவற்றைக் குணமாக்குகிறவருமாகிய கர்த்தர்தாமே உங்களோடிருப்பாராக. ஆமென்.