அவங்கவங்க பாடு

"அவங்கவங்க பாட்டை அவங்கவங்க பாத்துக்கணும்"னு எங்க பாட்டி அடிக்கடி சொல்லும். அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்காதேன்னு அர்த்தம், அவ்வளவுதான்னு இருந்தேன். பழவேற்காட்டு மீனவர்கள் இதே 'பாடு'ங்கிற வார்த்தையை வெச்சு ஏரித் தண்ணி மேலேயே எல்லை போட்டிருக்காங்கன்னு போன மாசம்தான் தெரிஞ்சுது.

தேடிப் படிக்கக் காரணம் ஒரு பார்க்கிங் சண்டை. எங்க அபார்ட்மெண்ட்ல 14 வீடு, 9 வண்டி நிறுத்தத்தான் இடம். பெயிண்ட்ல கோடு போட்டோம், பூந்தொட்டி வெச்சோம், ஒருத்தர் சங்கிலியே கட்டினார். ஒண்ணும் வேலைக்காகலை. கடைசியில சீட்டு குலுக்கிப் போட்டோம், சண்டை நின்னுச்சு. ஏன் நின்னுச்சுங்கிறதுதான் என்னைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவோட பெரிய உப்பங்கழி ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு, கடலோட சேர்ற முகத்துவாரம் ஒண்ணு நம்ம பக்கம். ஏரியோட சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். கடல்ல பொறக்கிற இறால் குஞ்சுங்க முகத்துவாரம் வழியா உள்ள வந்து, வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். அதனால முகத்துவாரத்துக்குப் பக்கத்துல வலை கட்டறவனுக்கு நல்ல வரும்படி. எல்லாரும் அங்கேயே போய் நின்னா? அடிதடிதான்.

இதுக்குக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம்னு மூணு ஊர்ப் பட்டினவர்கள் வெச்சிருந்த ஏற்பாடுதான் பாடு. கழி நட்டுக் கட்டற சுத்து வலைக்கு இன்னின்ன இடம்னு குறிச்சு, யாருக்கு எந்த இடம்னு சீட்டு போட்டு, முறை வெச்சு மாத்தி மாத்திக் கொடுப்பாங்க. இன்னைக்கு நல்ல இடம் கிடைச்சவன் இன்னொரு நாள் சுமாரான இடத்துக்குப் போகணும். காலேஜ்ல ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்துல 'ரவுண்ட் ராபின்'னு விழுந்து விழுந்து படிச்சோமே, அதேதான். அவங்களுக்கு அரியர் எல்லாம் கிடையாது :-)

துருக்கியில அலன்யாங்கிற ஊர்லயும் இப்படித்தான். 1970-கள்ல அங்கே மீனவர்கள் அடிச்சுக்கிட்டு, பிறகு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. செப்டம்பர்ல சீட்டு. அதுலேர்ந்து ஜனவரி வரைக்கும் தினமும் ஒரு இடம் கிழக்கே நகரணும், ஜனவரியிலேர்ந்து மே வரைக்கும் மேற்கே. எலினார் ஆஸ்ட்ரம் 1990-ல வந்த தன்னோட புத்தகத்துல இதை விவரிச்சிருக்காங்க. பொதுச் சொத்துன்னா ஆளாளுக்குச் சுரண்டி அழிச்சிடுவாங்கன்னு 1968-ல கேரட் ஹார்டின் எழுதினதுக்கு, 'அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்லை, ஜனங்களே பேசி வழி பண்ணிக்கறாங்க'ன்னு ஆதாரத்தோட காட்டினவங்க. 2009-ல பொருளாதார நோபல் வாங்கின முதல் பெண்மணியும் அவங்கதான்.

பழவேற்காட்டுல எல்லை போட வேற ஆளும் வந்தாங்க. டச்சுக்காரங்க 1613-ல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. சோழமண்டலக் கடற்கரையில அவங்களுக்கு 1690 வரைக்கும் அதுதான் தலைமையிடம். இப்போ கோட்டை இருந்த இடத்துல புதர்தான். செங்கல்லும் அகழியும் வெச்சுப் போட்ட எல்லை போயிடுச்சு. சுவரே இல்லாத பாடு இந்த நூற்றாண்டு வரைக்கும் வந்திருக்கு. எல்லார் கண்ணு முன்னாடியும் சீட்டு எடுத்தா, 'எனக்கு மட்டும் ஏன் இப்படி'ன்னு கேக்க முடியாது பாருங்க. நாளைக்கு உன் முறை வரும்ங்கிற நம்பிக்கையும் இருக்கு. எங்க பார்க்கிங் சண்டை நின்னதும் இதனாலதான்.

இதோட நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தச் சீட்டுல யார் பேர் இருந்துச்சு? அந்த ஊர்ப் பட்டினவனா இருக்கணும், ஆம்பளையா இருக்கணும், கல்யாணம் ஆகியிருக்கணும். கல்யாணம் ஆனாத்தான் தனித் தலைக்கட்டு. குடும்பத்துக்குச் சோறு போடணுமேங்கிற கணக்கு, புரியுது. ஆனா அதே ஏரியில தண்ணிக்குள்ள கையால தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்குப் பாட்டுல இடம் இல்லை. தலித் மீனவர்களுக்கும் இல்லை. பெண்களுக்கும் இல்லை. குலுக்கல் நியாயம்தான், குடத்துக்குள்ள பேர் இருக்கிறவங்களுக்கு மட்டும்.

இதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்னு இருந்துச்சு. எங்க குலுக்கல்ல வீட்டுச் சொந்தக்காரங்க பேர் மட்டும்தான் போட்டோம். வாடகைக்கு இருக்கிற நாலு குடும்பத்தை யாரும் கேக்கவே இல்லை, நான் உள்பட. எனக்கு லிஃப்ட் பக்கத்துலயே இடம் விழுந்துச்சு, சந்தோஷமா வண்டியை நிறுத்திட்டேன். கீழ் வீட்டுக்காரர் இன்னைக்கும் பைக்கைத் தெருவுலதான் நிறுத்தறார். மழை பெஞ்சா ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடறார். ஒரு தடவைகூட எங்கிட்ட எதுவும் சொன்னதில்லை. அவர் பாட்டுக்கு இருக்கார்.

அடுத்த குலுக்கல் ஏப்ரல்ல. வாடகைக்காரங்க பேரையும் எழுதிப் போடணும்னு மீட்டிங்ல சொல்லப்போறேன். லிஃப்ட் பக்கத்து இடம் போனாலும் போகட்டும்னு இப்போ ஈஸியா எழுதிட்டேன். அன்னைக்கு வாய் வருதான்னு பாக்கணும்.