ஒரு காலை வணக்கத்தின் வரலாறு

அயல்நாடு சென்று பயிலும் மாணவர்க்கெனப் பல்கலைக்கழகங்கள் இன்று பலவற்றை ஏற்பாடு செய்கின்றன. அருங்காட்சியகங்களுக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் அவர்களை அழைத்துச் செல்கின்றன. உணவு விழாக்களும் கலை மாலைகளும் நடத்துகின்றன. படிப்பின் இடையே கிடைக்கும் பொழுதுபோக்கு என்றே பலரும் இவற்றைக் கருதுகின்றனர். இவ்வழக்கத்தின் வேர்களுள் ஒன்றைத் தேடிச் சென்றாலோ, அங்கு நாம் காண்பது ஓர் இளைஞரின் தனிமை.

ஆண்டு 1909. நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நூலகப் படிக்கட்டில் ஒரு நாள் காலை, ஒய்.எம்.சி.ஏ. சங்கப் பணியாளரான ஹாரி எட்மண்ட்ஸ், எதிரே வந்த சீன மாணவர் ஒருவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார். சற்றுத் தொலைவு சென்றதும் அம்மாணவர் நின்று அவருக்கு நன்றி கூறினார். தாம் அந்நகருக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன என்றும், தம்மிடம் பேசிய முதல் மனிதர் அவரே என்றும் சொன்னார்.

அக்காலச் சூழலை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் நமக்கு விளங்கும். சீனத் தொழிலாளர் அமெரிக்காவில் குடியேறுவதை 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. 1943 வரை அத்தடை நீடித்தது. மாணவர்க்கு விலக்கு இருந்தது. சீனா செலுத்திவந்த போர் இழப்பீட்டின் ஒரு பகுதியை அமெரிக்கா திருப்பியளிக்க, அப்பணத்தைக் கொண்டு 47 மாணவர் அடங்கிய முதல் குழு அதே 1909-இல் அங்கு அனுப்பப்பட்டது. கற்க வந்தவர்க்கு நாட்டின் கதவு திறந்திருந்தது. வீடுகளின் கதவு திறந்திருந்ததா?

எட்மண்ட்ஸ் நடந்ததைத் தம் மனைவி ஃபிளாரன்ஸிடம் கூறினார். கணவரும் மனைவியும் அயல்நாட்டு மாணவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தம் இல்லத்திற்குத் தேநீர் அருந்த அழைக்கத் தொடங்கினர். வருவோர் தொகை பெருகியது. வீடு போதாமற்போகவே, அது பல கல்லூரி மாணவரும் கூடும் மன்றமாயிற்று. ஞாயிறு மாலை விருந்து அதன் நிலையான வழக்கமாயிற்று.

ஊரைச் சுற்றிக் காட்டுவதற்கும் உணவுக்கு அழைப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஊர் பார்க்க வந்தவர் நாம் காட்டுவதைப் பார்க்கிறார். அவரை நாம் அறியவேண்டிய தேவை எழுவதில்லை. ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும்போதோ அவருடைய ஊரைக் கேட்கிறோம், தாயாரைப் பற்றிக் கேட்கிறோம். அன்று விருந்தளித்தவரும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டே எழுகிறார்.

இப்பணிக்கு ஜான் டி. ராக்ஃபெல்லர் இளையவர் பொருளுதவி செய்ய, 1924-இல் நியூயார்க்கில் பன்னாட்டு மாணவர் இல்லம் திறக்கப்பட்டது. சகோதரத்துவம் மேலோங்க வேண்டும் என்னும் கருத்து அதன் வாயில்மேல் பொறிக்கப்பட்டது. அமெரிக்க மாணவரும் பிற நாட்டு மாணவரும் அங்கு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர்.

உண்மையான சோதனை கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் வந்தது. அங்கும் ஓர் இல்லம் அமைக்க 18 இலட்சம் டாலர் கிடைத்தது. அதற்கு எட்மண்ட்ஸ் தேர்ந்த இடம் பீட்மாண்ட் சாலை. வெள்ளையர் அல்லாதாரையும் அயல்நாட்டாரையும் சேர்க்காத மாணவர் சங்க விடுதிகள் நிறைந்திருந்த தெரு அது! பல இனத்தாரும், ஆணும் பெண்ணும், ஒரே கட்டடத்தில் தங்குவதா என்று ஊரார் கொதித்தனர். எதிர்ப்புத் தெரிவிக்க 800-க்கும் மேற்பட்டோர் கூடினர். அக்கூட்டத்தில் எழுந்து அவ்வில்லத்திற்காகத் துணிந்து வாதாடினார் டெலைலா பீஸ்லி என்னும் கறுப்பினப் பெண் பத்திரிகையாளர். எதிர்ப்பையும் மீறி இல்லம் 1930 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 1932-இல் சிகாகோவிலும் ஒன்று எழுந்தது.

பெர்க்லி நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. அயலாரின் ஆடலையும் பாடலையும் கண்டு கைதட்டுவது எளிது. அவர் நம் பக்கத்து அறைக்குக் குடிவருகிறார் என்னும்போதுதான் நம் உள்ளம் இன்னதென்று தெரிகிறது. விழாவில் அவருடைய உணவைச் சுவைத்துவிட்டு, வாடகைக்கு வீடு கேட்டு வரும்போது கதவைச் சாத்துவோமாயின், அவ்விழாவினால் விளைந்த பயன் என்ன?

பயணங்களும் விழாக்களும் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. அவை வாயில்கள், வாயிலிலேயே விருந்தினரை நிறுத்திவிடலாகாது என்பதே நாம் சொல்வது. ஆண்டுக்கு எத்தனை சுற்றுலா நடந்தது என்று கணக்கெடுப்போர், எத்தனை வீடுகள் திறந்தன என்றும் கேட்கட்டும்.

நம் ஊர்க் கல்லூரிகளிலும் தொலைநாடுகளிலிருந்து வந்தோர் பயில்கின்றனர். பேருந்து நிறுத்தத்திலும் கடைத்தெருவிலும் அவர்களை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். அவர்களுள் ஒருவருக்கு இது மூன்றாம் வாரமாக இருக்கலாம். நாளைக் காலை அவரைக் காணும்போது ஒரு வணக்கம் சொல்ல நமக்கு என்ன தடை?